இறக்கத்தில் ஓடும் கன்வேயரை நிறுத்துவது எப்படி?

புக்கிட் மெர்தாஜாம் பக்கத்துக் கல்குவாரி ஒன்றில் பராமரிப்புப் பணியில் இருக்கும் வாசகர் கேட்கிறார்: "மேலிருந்து கீழே கல் இறக்கும் எங்கள் கன்வேயர், மின்சாரம் தடைப்படும்போது, பெல்ட் காலியாக இருந்தால் குலுங்கிச் சட்டென நிற்கிறது, சுமை நிறைந்திருந்தால் வெகுதூரம் ஓடி, பிரேக் தட்டு புகைந்த பிறகே நிற்கிறது. ஸ்பிரிங்கை இன்னும் இறுக்கினால் சரியாகுமா?"

ஆகாது, காலி பெல்ட்டின் குலுக்கல்தான் கூடும். சரிவில் இறங்கும் கல்லே பெல்ட்டை இழுப்பதால், உங்கள் மோட்டார் பெரும்பாலான நேரம் ஜெனரேட்டராக மாறி மின்சாரத்தைத் திருப்பி அனுப்பிக்கொண்டே வேகத்தைப் பிடித்து வைக்கிறது. அன்றாட பிரேக் அதுதான். பினாங்கில் மாலை இடிமழையில் மின்சாரம் அறுந்த கணமே அந்தப் பிடியும் போய்விட, முழுப் பாரமும் உராய்வு பிரேக்கின் மேல் விழுகிறது. நிறைசுமைக்கென அளவாக வைத்த பிடி காலி பெல்ட்டுக்கு மிகை. பெல்ட்டைச் சுழற்றும் டிரம்மில் பெல்ட் வழுக்குவதும், பெல்ட்டை இறுக்கமாக வைக்கும் எதிர் எடை துள்ளுவதும் அதனால்தான்.

உங்களுக்குத் தேவை, ஸ்பிரிங்கால் பிடித்து எண்ணெய் அழுத்தத்தால் விடுபடும் தட்டு பிரேக்கும், பெல்ட்டின் வேகத்தை அளந்து அந்த அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைக்கும் வால்வும் ஆகும். சுமை எவ்வளவாக இருந்தாலும் வேகம் ஒரே சீராகக் குறையும். அந்தக் கட்டுப்பாட்டுக்குத் தனி பேட்டரி வேண்டும். பேட்டரியும் கைவிட்டால் ஸ்பிரிங் தானே முழுதாகக் கவ்வ வேண்டும்.

மெதுவாக நிறுத்துவதற்கும் ஒரு விலை உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 10 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் சரிவில், 20 டன் கல்லுடன் மொத்தம் 40 டன் எடை விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் ஓடுவதாகக் கொள்வோம். 15 விநாடியில் நிறுத்தினால் பெல்ட் 22.5 மீட்டர் ஓடும். வேகத்தின் ஆற்றல் 180 கிலோஜூல், அதற்குள் கல் கீழிறங்குவதால் சேரும் ஆற்றல் ஏறக்குறைய 440 கிலோஜூல். நேரத்தை 30 விநாடியாக்கினால் பின்னது இரட்டிப்பாகி ஏறக்குறைய 880 ஆகிறது. உருளைகளின் உராய்வு ஒரு பங்கை வாங்கிக்கொண்டாலும், மீதி முழுவதும் தட்டில் வெப்பமாகவே இறங்கும். ஆகவே நிறுத்தும் நேரத்தைத் தட்டின் வெப்பத் தாங்குதிறனோடு சேர்த்தே தீர்மானியுங்கள்.

பிரேக் மோட்டார் பக்கத்து அச்சில் மட்டும் இருந்தால் எனக்கு மனம் ஒப்பாது. கியர்பாக்ஸோ அச்சுகளை இணைக்கும் கப்ளிங்கோ உடைந்தால் பெல்ட்டைப் பிடிக்க எதுவும் இராது. இறக்கக் கன்வேயரில் டிரம் அச்சிலேயே ஒன்று இருக்க வேண்டும்.

முதலில் தட்டைக் கவ்வும் பிரேக் பட்டைகளைக் கழற்றிப் பாருங்கள். இதே குறையோடு இருந்த வேறொரு குவாரியில் நான் கழற்றிய பட்டை கண்ணாடிபோல் மினுங்கியது, விரலில் கியர் எண்ணெய் ஒட்டியது. அத்தகைய பட்டையைத் தேய்த்து மாட்டாதீர்கள், மாற்றிவிடுங்கள். எண்ணெய் கசியும் சீல் வளையத்தையும் உடனே சரிசெய்யுங்கள்.

புதிய அமைப்பைப் பொருத்தியபின் காலி, பாதி, நிறைசுமை என்ற வரிசையில் மெயின் சுவிட்சையே அணைத்துச் சோதித்து, நிற்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறைக்கும் இடையே தட்டு நன்றாகக் குளிரட்டும், கீழ்முனையில் ஒருவரும் நிற்க வேண்டாம்.