எட்டுப் பேர் சாப்பிட்டது ஒருவர் கார்டில்

கேள்வி: டல்லாஸில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். கடந்த ஜனவரிக் கடைசியில் எட்டுப் பேராக மெக்சிகோவில் உள்ள லா வென்டானாவுக்குக் கைட்போர்டிங் (பெரிய காற்றாடி இழுக்க, பலகையில் நின்று தண்ணீரில் சறுக்கும் விளையாட்டு) போனோம். ஒரு வாரம் ஒரே வீட்டில் தங்கி, சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டோம். வீடு 4,000 டாலர், வேன் 1,600, சாப்பாடு 2,400, மற்ற பொதுச் செலவு 1,600. மொத்தம் 9,600 டாலரையும் என் கிரெடிட் கார்டில் போட்டேன். 18,000 ரிவார்டு பாயின்ட் கிடைத்தது. தலைக்கு 1,200. ஐந்து பேர் இரண்டு மாதத்துக்குள் கொடுத்துவிட்டார்கள். ஒரு நண்பர் பாதிதான் கொடுத்தார், 600 பாக்கி. இங்கே எம்.எஸ். படிக்கும் என் மச்சினனிடம் நான் கேட்கவே இல்லை. கார்டில் முன்பே 2,600 இருந்தது, வட்டி 24%. மாதம் 300 கட்டுகிறேன். மளிகையும் பெட்ரோலும் அதே கார்டில்தான். நவம்பர் வந்தும் 5,200-ல் நிற்கிறது. வரும் ஜனவரியிலும் போகத் திட்டம். 13 சதவீத பர்சனல் லோன் எடுத்துக் கார்டை அடைக்கலாமா? தவணையில் சொந்தமாக கைட் வாங்கலாமா? வாடகைக்கே ஆறு நாளுக்கு 600 டாலர் ஆகிறது.

பதில்: லோனுக்குப் பிறகு வருகிறேன். உங்கள் பணத்தைத் தின்பது ஒரே ஒரு வாக்கியம்: “நான் போட்டுக்கறேன், அப்புறம் பாத்துக்கலாம்.” பழைய பாக்கி இல்லாத கார்டு வைத்திருப்பவர் இதைச் சொன்னால் அவருக்கு நஷ்டமில்லை, கெடு தேதிக்குள் முழுத் தொகையையும் கட்டினால் வட்டி கிடையாது, பாயின்ட் மிச்சம். உங்கள் கார்டில் ஏற்கெனவே 2,600 இருந்தது. பாக்கி வைத்திருப்பவருக்கு வட்டியில்லா நாட்கள் கிடையாது. வேனுக்குத் தேய்த்த நாளிலிருந்தே, மீன் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடியிருக்கிறது.

தோராயமாகப் போட்டுப் பாருங்கள். 24% என்றால் மாதம் 2%. முதல் மாதம் 12,200-க்கு 244 டாலர். மூன்று பேர் பணம் கொடுத்த பிறகு 8,600 மிஞ்சியது என்று வைத்தால் இரண்டாம் மாதம் 172. ஆக 416. இதில் உங்கள் பழைய பாக்கிக்கும் உங்கள் பங்குக்கும் உரிய வட்டி 152 தான். மீதி 264 டாலர், மற்றவர்கள் தங்கியதற்கும் தின்றதற்கும் நீங்கள் கட்டிய வட்டி. 18,000 பாயின்ட்டைப் பாயின்ட்டுக்கு ஒரு சென்ட் என்று எடுத்தால் 180 டாலர். பாயின்ட் ஆசையில் 84 டாலர் நஷ்டம். கார்டு கம்பெனிக்காரர்கள் பாயின்ட்டைச் சும்மா கொடுப்பதில்லை, உங்களைப் போன்றவர்கள்தான் அந்தச் செலவைக் கட்டுகிறார்கள்.

இன்னொரு கணக்கு எனக்கு இதைவிட உறுத்துகிறது. வந்த பணமும் நீங்கள் கட்டியதும் போக, மார்ச் கடைசியில் பாக்கி ஏறக்குறைய 5,400 இருந்திருக்கும். அதற்குப் பின் ஏழு மாதம் 300 வீதம் கட்டினால், வட்டி போக இன்று 4,000 பக்கத்தில் இருக்க வேண்டும். நீங்கள் 5,200 என்கிறீர்கள். அந்த 1,200 மளிகையும் பெட்ரோலும்தான். அதற்கும் வாங்கிய அன்றே வட்டி. இன்றோடு அந்தக் கார்டை வெளியே எடுக்காதீர்கள். அன்றாடச் செலவெல்லாம் டெபிட் கார்டில்.

இப்போது லோன். 5,200-ஐ 24 சதவீதத்திலேயே வைத்து மாதம் 300 கட்டினால், புதிதாக ஒன்றும் சேராவிட்டால், 22 மாதத்தில் முடியும்; வட்டி சுமார் 1,250. 13 சதவீதத்தில் 20 மாதம், வட்டி 600-க்குள். மிச்சம் 650 டாலர் போல. அதிலும் லோனுக்கு 5% எடுப்புக் கட்டணம் (லோன் கொடுக்கும்போதே பிடித்துக்கொள்வது) என்றால் 260 போய் 400-க்குக் கீழே வந்துவிடும். எடுப்புக் கட்டணம் இல்லாமல் கிடைத்தால் எடுங்கள். ஆனால் காலியான கார்டில் மறுபடி எட்டுப் பேர் சாப்பிட்டால், அடுத்த நவம்பரில் லோனும் இருக்கும், கார்டும் நிறைந்திருக்கும். இந்தக் கேள்வி எனக்கு வரும்போதெல்லாம் பெரும்பாலும் அப்படித்தான் முடிகிறது.

பயணத்துக்கு வருவோம். லா வென்டானாவில் வடக்குக் காற்று நவம்பரில் தொடங்கி மார்ச் வரை அடிக்கும். ஜனவரிதான் என்று யாரும் சட்டம் போடவில்லை. மார்ச் முதல் வாரத்துக்குத் தள்ளினால் சேர்க்க நான்கு மாதம் கிடைக்கும். பங்கு 1,200, கைட் வாடகை 600, இவற்றோடு விமான டிக்கெட். இதைக் கார்டைத் தொடாமல் சேர்க்க முடிந்தால் போங்கள். முடியாவிட்டால் இந்த வருடம் மற்ற ஏழு பேர் போகட்டும்.

போனால் உங்கள் பெயரில் எதுவும் பதிவாகக் கூடாது. வீட்டைப் பாக்கியில்லாத கார்டு உள்ள ஒருவர் போடட்டும், வேனை இன்னொருவர். பதிவு செய்யும் அன்று தலைக்கு 600 வந்திருக்க வேண்டும், கிளம்ப இரண்டு வாரம் முன்பு மீதி 600. கொடுக்காதவருக்கு அறை இல்லை. கடைசி இரவு அதே வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் கணக்கை முடித்துவிடுங்கள். டல்லாஸ் திரும்பிவிட்டால் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

வேன் விஷயத்தில் ஒன்று: இணையத்தில் மலிவாகத் தெரியும் வாடகையில் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் பெரும்பாலும் சேர்ந்திருக்காது. மெக்சிகோவில் அது கட்டாயம். கிரெடிட் கார்டு தரும் பாதுகாப்பு வண்டிச் சேதத்துக்குத்தான், அடுத்தவருக்கு ஏற்படும் நஷ்டத்துக்கு அல்ல. கவுன்ட்டரில் தொகை எகிறுவது இதனால்தான். எல்லாம் சேர்த்த விலையைக் கேட்டுத்தான் பங்கு பிரிக்க வேண்டும்.

சாப்பாட்டுக்கு 2,400 என்பதைப் பார்த்துக் கொஞ்சம் எரிச்சலே வந்தது. எட்டுப் பேர், ஏழு நாள், 56 ஆள்-நாள். தலைக்கு நாளுக்கு 43 டாலர். வீட்டில் சமைத்துமா? அங்கே காற்று முற்பகலில் கிளம்பிப் பொழுது சாயும் வரை இருக்கும். தண்ணீரில் இருப்பவர் மதியச் சோற்றுக்காக கைட்டைச் சுருட்டிக்கொண்டு கரையேற மாட்டார். எட்டுப் பேருக்கு வடித்தது ஆறிப்போகும். அவரவர் மாலை நான்கு மணிக்குக் கரையில் மீன் டாகோ வாங்குவார். ஒரே மதியத்துக்கு இரண்டு செலவு. பொதுப் பணத்தில் காலையும் இரவும் மட்டும் வையுங்கள். மதியம் அவரவர் பாடு. பீர் தனிக் கணக்கு; குடிக்காதவர் தலையில் அதைக் கட்டுவது நியாயமில்லை. அரிசி, முட்டை, காய்கறியை லா பாஸில் பெரிய சூப்பர் மார்க்கெட்டில் ஒரே தடவையாக வாங்கி வேனில் ஏற்றுங்கள், அங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான். கிராமத்துக் கடையில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினால் கை கடிக்கும். குடிதண்ணீருக்குச் சின்ன பாட்டில் வேண்டாம். 20 லிட்டர் கேன் நிரப்பித் தருவார்கள்.

கையில் மெக்சிகோ பணமான பெசோ வேண்டும். அதை டெபிட் கார்டில் எடுங்கள். கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுத்தால் கட்டணம் தனி, வட்டியும் அன்றே தொடங்கும். ஏ.டி.எம். திரையில் “டாலரில் மாற்றித் தரவா” என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். கடையில் கார்டு தேய்க்கும்போதும் பெசோவிலேயே. அவர்கள் மாற்றும் விலையில் அவர்களுக்கு லாபம் ஏற்றி வைத்திருப்பார்கள்.

சொந்த கைட்? வருடத்தில் ஆறு நாளுக்கா! 12 சதுர மீட்டர் ஒன்று மட்டும் வாங்கினால், காற்றின் வேகம் 25 நாட் (knot) தொடும் நாளில் சுமார் 75 கிலோ ஆளுக்கு அது ஆபத்து, 9 வேண்டும். ஆக இரண்டு கைட், அதைப் பிடித்துத் திருப்பும் பார், போர்டு. ஒரு சீசன் போனாலே விலை சரியும். ‘இப்போது வாங்கு, பிறகு கொடு’ தவணைகளில் வட்டி பூஜ்யத்திலிருந்து 36% வரை என்று சின்ன எழுத்தில் இருக்கும். உங்களுக்கு எது என்பது கடைசித் திரையில்தான் தெரியும். வாடகையே எடுங்கள். கிழிந்தால் யார் பொறுப்பு, எவ்வளவு என்பதை மட்டும் கையெழுத்துக்கு முன் படியுங்கள். டிராவல் இன்சூரன்ஸிலும் கைட்போர்டிங் விலக்குப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள், பல பாலிசிகளில் இருக்கும்.

மச்சினனின் 1,200-ஐக் கடன் என்று மனதில் வைத்துக்கொண்டு முணுமுணுக்காதீர்கள். கேட்கவே இல்லை என்றால் அது நீங்கள் கொடுத்த அன்பளிப்பு. மனைவியிடம் அப்படியே சொல்லிக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். இந்தத் தடவை பதிவுக்கு முன்பே, “உன் பங்கு 1,200, வர்றியாடா?” என்று கேளுங்கள். வருகிறான் என்றால் விசாவும், மாணவர் விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில் அதன் பயணக் கையெழுத்தும் காலாவதியாகாமல் இருக்கிறதா என்று அவனே சரிபார்க்க வேண்டும். எல்லையில் மாட்டினால் மறு டிக்கெட் செலவும் அக்கா வீட்டுக்காரர் தலையில்தான் விழும்.

நண்பரின் 600-க்கு இன்றே தேதி போட்டு ஒரு வரி அனுப்புங்கள்: “போன டிரிப் பாக்கி 600, நவம்பர் 30-க்குள் அனுப்பிடு. அதுக்கப்புறம்தான் இந்த வருஷ வீட்டுக்கு உன் பேரைச் சேர்ப்பாங்க.” குழுவில் போட வேண்டாம், அவருக்குத் தனியாக.