அக்வெயின்ட்: பொருள் என்ன, எப்படிப் பயன்படுத்துவது?

ஒருவருக்கு ஒரு விஷயத்தைத் தெரியப்படுத்துவது அல்லது பரிச்சயமாக்குவதுதான் ‘அக்வெயின்ட்’. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவரிடம் “அக்வெயின்ட் யுவர்செல்ஃப் வித் த ரூல்ஸ்” என்றால், விதிகளைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள் என்று அர்த்தம். கொஞ்சம் அலுவலக வாடை உள்ள சொல். வீட்டுப் பேச்சில் அவ்வளவாக வராது.

லத்தீனில் அறிதலைக் குறிக்கும் ‘கோக்னோஸ்கெரே’ இதன் வேர். பழைய பிரெஞ்சு வழியாக இடைக்கால ஆங்கிலத்துக்கு வந்தது. ‘ரெகக்னைஸ்’ இதன் உறவுக்காரச் சொல்தான். ‘குவெயின்ட்’ கூட அப்படித்தான்! முதலில் அறிவும் சாமர்த்தியமும் உள்ளவரைக் குறித்த அந்தச் சொல், இன்று பழமையின் அழகு கொண்டதைக் குறிக்கிறது.

சரி, தவறு எங்கே வருகிறது? பின்னால் வரும் சொல்லில். இதற்கு எப்போதும் ‘வித்’தான். நாம் ‘எனக்குப் பழக்கம்’ என்று நினைத்து ‘டு’ போட்டுவிடுகிறோம். ‘டு’ சேர்வது ‘அக்கஸ்டம்ட்’ என்ற வேறு சொல்லோடு. வெயிலுக்கு உடம்பு பழகிவிட்டது என்றால் ‘அக்கஸ்டம்ட் டு’. ஊரின் வரலாறு எனக்குத் தெரியும் என்றால் ‘அக்வெயின்டட் வித்’. இந்த வேறுபாட்டை மனதில் பதித்துக்கொள்வது நல்லது.

ஆளைப் பற்றிச் சொல்லும்போது நெருக்கம் குறைவு. “வீ ஆர் அக்வெயின்டட்” என்றால் அறிமுகம் உண்டு, அவ்வளவுதான். நண்பர் என்று ஆகாது. அப்புறம், எழுதும்போது ‘க்யூ’வுக்கு முன்னால் வரும் ‘சி’யை விட்டுவிடாதீர்கள்.