குறிப்புப்படிதான் கலந்தேன், ஏன் புளிக்கிறது?

கேள்வி: வீட்டில் டைகிரி என்ற ரம் காக்டெய்ல் கலந்து பார்த்தேன். 60 மில்லி வெள்ளை ரம், 25 மில்லி எலுமிச்சைச் சாறு, 20 மில்லி சர்க்கரைப் பாகு என்று குறிப்பில் இருந்தபடியே ஊற்றினேன். முகம் சுளிக்கிற அளவுக்குப் புளிப்பு. அடுத்த முறை கலக்கும்போதே ருசி பார்த்துப் பாகைச் சரிசெய்தேன். அப்போது நன்றாக இருந்தது, ஐஸ் போட்டுக் குலுக்கி ஊற்றியதும் மறுபடி புளிப்பு. விலை கூடிய ரம் வாங்கினால் சரியாகுமா? (கோவை வாசகர்)

பதில்: ரம்மை மாற்றிக் காசைக் கரைக்க வேண்டாம். முதலில் பாகைப் பாருங்கள். குறிப்பு எழுதுகிறவர்கள் பலர் ‘பாகு’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். சர்க்கரையும் தண்ணீரும் சம எடை எடுத்துக் கரைத்த பாகில், 20 மில்லிக்குச் சுமார் 12 கிராம் சர்க்கரை இருக்கும். சர்க்கரை இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு என்றால் அதே 20 மில்லியில் 17 கிராமைத் தாண்டும். அவர் கெட்டிப் பாகை வைத்து எழுதி, நீங்கள் தண்ணியான பாகை ஊற்றியிருந்தால் புளிக்காமல் என்ன செய்யும்? இனி ஒரே விகிதத்தில் காய்ச்சி, விகிதத்தைப் பாட்டில் மேல் எழுதி ஒட்டி ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

எலுமிச்சையும் அப்படித்தான். பழத்துக்குப் பழம் புளிப்பு மாறும், சாறும் மாறும். ‘ஒரு பழத்தின் சாறு’ என்று எழுதியிருந்தால் நம்பவே நம்பாதீர்கள், நம் சந்தைப் பழம் சிலது 10 மில்லிகூடத் தராது. தோலைக் கசக்கிப் பிழிந்தால் கசப்பும் சேர்ந்து இறங்கும். அதைப் புளிப்பு என்று நினைத்துப் பாகை ஊற்றிக்கொண்டே போனால் திகட்டல்தான் மிச்சம்.

இப்போது உங்கள் கேள்வியின் முக்கியமான இடம்: ஐஸ் படுவதற்கு முன் நன்றாக இருந்தது, பிறகு புளித்தது. இது உங்கள் நாக்கின் குற்றமில்லை. குளிர்ச்சியில் இனிப்பு அமுங்கும். உருகிய ஐஸ்கிரீம் ஏன் அவ்வளவு தித்திக்கிறது என்று யோசித்தால் புரியும். அதனால் அறை வெப்பத்தில் சரியாக இருக்கும் கலவை, குளிர்ந்ததும் புளிப்பாகத்தான் தெரியும். போதாததற்கு, குலுக்கும்போது ஐஸ் உருகிக் குறைந்தது 30 மில்லி தண்ணீராவது சேரும். நீங்கள் ருசி பார்த்த பானமும் கடைசியில் குடித்த பானமும் ஒன்றே அல்ல.

எப்படிப் பார்ப்பது? ஷேக்கரில் ஐஸ் போட்டுப் பத்துப் பன்னிரண்டு விநாடி நன்றாகக் குலுக்குங்கள். மூடியைத் திறந்து ஸ்டிராவை ஒரு விரல் ஆழம் விட்டு, மேல் நுனியை விரலால் அடைத்து வெளியே எடுங்கள். உள்ளே நிற்கும் நான்கைந்து சொட்டு போதும். மடக்கு மடக்காகப் பார்த்தால் ருசி பார்த்தே ஒரு பெக் போய்விடும். புளித்தால் 5 மில்லி பாகு, திகட்டினால் 5 மில்லி சாறு, அப்புறம் இரண்டு குலுக்கு. ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. சர்க்கரையை அப்படியே தூவாதீர்கள், குளிரில் கரையாமல் அடியில் தங்கிவிடும்.

புளிப்பும் இனிப்பும் சரியாக இருந்தும் தொண்டையைச் சுடுகிறது என்றால் இன்னும் ஐந்து விநாடி குலுக்குங்கள், தேவை தண்ணீர்தான். நம்மூர் ரம் பெரும்பாலும் 42.8 சதவீதம் ஆல்கஹால், வெளிநாட்டுக் குறிப்புகள் பொதுவாக 40 சதவீத ரம்மை வைத்து எழுதியவை. ஓல்ட் மங்க் மாதிரி கறுப்பு ரம் ஊற்றுகிறவர்கள் பாகை 15 மில்லியிலிருந்து தொடங்கலாம், அதிலேயே ஒரு வெனிலா இனிப்புச் சாயல் உண்டு.

உங்களுக்குப் பிடித்த அளவை முதல் கிளாஸிலேயே எழுதி வைத்துவிடுங்கள். மூன்றாவது கிளாஸில் எடுத்த குறிப்பு மறுநாள் உதவாது.

கேள்வி: ஆன்லைனில் பார் செட் ஒன்று பார்த்தேன். மரத் தாங்கியோடு பதினைந்து உருப்படி. வாங்கலாமா?

பதில்: அலமாரியில் வைத்து அழகு பார்க்க என்றால் வாங்குங்கள். கலப்பதற்குத் தேவை மூன்றுதான்: ஒழுகாத ஷேக்கர், வடிகட்டி, உட்புறம் 15, 30, 45, 60 மில்லிக் கோடு போட்ட அளவுக் குவளை. செட்டில் வரும் குவளை பலவற்றில் இரண்டு பக்கமும் சேர்த்து 30, 60 மட்டும்தான் இருக்கும். நம் சிறிய பெக்குக்கும் பெரிய பெக்குக்கும் அது போதும். பாகையும் சாறையும் சரிசெய்ய 5 மில்லி தெரிய வேண்டும். அதற்குக் காசே வேண்டாம், இருமல் மருந்து பாட்டிலோடு வரும் பிளாஸ்டிக் மூடியைக் கழுவி வைத்துக்கொள்ளுங்கள். 2.5, 5, 10 என்று கோடு தெளிவாக இருக்கும்.

கேள்வி: மார்கரிட்டா காக்டெய்லுக்கு என்றே விற்கும் மிக்ஸ் பாட்டில் வாங்கினால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லையே?

பதில்: தொல்லை இல்லை, ருசியை மாற்றும் வழியும் இல்லை. புளிப்பையும் இனிப்பையும் அவர்களே கலந்து மூடிவிட்டார்கள். திகட்டினால் எலுமிச்சை பிழியலாம், வேறு ஒன்றும் செய்வதற்கில்லை. லேபிளில் சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாகப் போட வேண்டும் என்பது விதி. தண்ணீருக்கு அடுத்து சர்க்கரை, எங்கோ கடைசியில் எலுமிச்சை என்று இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: மார்ட்டினிக்காக வாங்கிய வெர்மூத் பாட்டில் அலமாரியில் பாதி கிடக்கிறது. முன்பு போல் ருசியில்லை. கெட்டுவிடுமா?

பதில்: கெட்டுவிடும். வெர்மூத்துக்கு அடிப்படை ஒயின், சாராயம் கொஞ்சம்தான் சேர்த்திருப்பார்கள். ஜின் மாதிரி வெளியே வைக்க முடியாது. திறந்ததும் ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டும், ஓரிரு மாதத்தில் தீர்க்க வேண்டும். 375 மில்லி பாட்டில் கண்ணில் பட்டால் மில்லிக்கு விலை கூடுதலானாலும் அதையே எடுங்கள். பழசைக் கறிக்குழம்பில் ஊற்றலாமா என்று அடுத்து கேட்பீர்கள். புளித்திருக்காவிட்டால் ஊற்றலாம்.

கேள்வி: காக்டெய்லில் சில சொட்டு சேர்க்கும் கசப்புச் சாரமான அங்கோஸ்டுரா பிட்டர்ஸ் வாங்கினேன். லேபிள் பாட்டிலைவிடப் பெரிதாக, கழுத்துக்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்கிறது. போலியா?

பதில்: இல்லை, அந்தப் பாட்டிலின் அடையாளமே பொருந்தாத அந்த லேபிள்தான். டிரினிடாடில் தயாராகிறது, 44.7 சதவீதம் ஆல்கஹால், அதனால் வெளியே வைத்தாலும் வருடக்கணக்கில் தாங்கும். விலையைப் பார்த்து மலைக்க வேண்டாம், ஒரு கிளாஸுக்கு பாட்டிலைக் கவிழ்த்து இரண்டு உதறல்தான். உங்கள் டைகிரியிலும் ஒரு உதறல் போட்டுப் பாருங்கள், பாகு கொஞ்சம் கூடிப்போன நாளில் திகட்டலைக் குறைக்கும்.