தயிர் மேக்கர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எலெக்ட்ரிக் தயிர் மேக்கரில் கையேட்டில் போட்டிருப்பதுபோல 8 மணி நேரம் வைக்கிறேன். மாசி மாதம்வரை நன்றாக வந்தது. வெயில் ஏறியதிலிருந்து ஒரே புளிப்பு, மேலே தண்ணீர் வேறு நிற்கிறது. மெஷின் கெட்டுவிட்டதா? (வாசகி, வேலூர்)

பதில்: மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் அடுக்களைச் சூடுதான் காரணம். ஆறேழு கண்ணாடிக் கப்புகளோடு வரும் எளிய மாடல்கள் பலவற்றில் சூட்டைப் பார்த்துத் தானே நின்றுகொள்ளும் அமைப்பு கிடையாது. அடியில் 15, 20 வாட் அளவில் ஒரு சூட்டுத் தட்டு இருக்கும். சுவிட்சைப் போட்டதிலிருந்து அணைக்கும்வரை அது ஒரே மாதிரி சூடேற்றிக்கொண்டே இருக்கும். அறை 20, 22 டிகிரியில் இருந்தால் கப்புக்குள் 42 நிற்கும். அறையே 37 டிகிரி என்றால், கப்புக்குள் 50ஐத் தொட்டாலும் ஆச்சரியமில்லை.

பாலைத் தயிராக்கும் நுண்ணுயிர்களுக்கு உகந்த சூடு 40 முதல் 44 டிகிரி. 46, 47க்கு மேல் போனால் புளிப்பு வேகமாக ஏறும், தயிர் இறுகி நீரைக் கக்கும். 50ஐத் தாண்டினால் அவை சாகத் தொடங்கும். அப்போது விடிந்தும் பால் பாலாகவே இருக்கும். ஒரே மெஷின் ஒரு நாள் புளிக்க வைப்பதும் இன்னொரு நாள் உறையவே விடாததும் இதனால்தான்.

எனவே முதலில் உங்கள் மெஷினின் உண்மையான சூட்டைத் தெரிந்துகொள்ளுங்கள். எல்லாக் கப்பிலும் தண்ணீர் ஊற்றி, மூடி, வழக்கமாகத் தயிர் வைக்கும் நேரத்திலேயே 6 மணி நேரம் ஓடவிட்டு, சமையல் தெர்மாமீட்டரால் அளந்து பாருங்கள். நடுக் கப்பையும் ஓரக் கப்பையும் தனித்தனியாகப் பாருங்கள், இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கலாம். 45க்கு மேல் காட்டினால் கப்புகளுக்கு அடியில் ஒரு மெல்லிய துண்டை மடித்துப் போடுங்கள், அல்லது மெஷின் மூடியை விரல் அகலம் திறந்து வையுங்கள். கோடையில் இன்னும் சுலபமான வழி, இரண்டு மணி நேரம் ஓடவிட்டு அணைத்துவிட்டு உள்ளேயே விட்டுவிடுவது. மீதி வேலையை அறைச் சூடே பார்த்துக்கொள்ளும்.

நேரத்தையும் கையேட்டைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். 43 டிகிரியில் 4, 5 மணி நேரத்திலேயே உறைந்துவிடும். நான்காவது மணியில் ஒரு கப்பை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். தயிர் ஒரே கட்டியாகக் கப்பின் ஓரத்தை விட்டு விலகினால் ஆயிற்று, உடனே ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்கள். தளதளவென்று ஆடினால் இன்னும் அரை மணி. ஃப்ரிட்ஜில் குளிரும்வரை கொஞ்சம் புளிப்பு ஏறத்தான் செய்யும் என்பதால் ‘இன்னும் சற்றுப் புளிக்கலாமே’ என்று தோன்றும்போதே எடுத்துவிடுவது நல்லது.

கேள்வி: பாக்கெட் பால் ஏற்கெனவே பாஸ்டுரைஸ் செய்ததுதானே? வெதுவெதுப்பாக்கி மெஷினில் ஊற்றினால் போதாதா? கடைத் தயிர்போலக் கெட்டியாக வருவதில்லையே, ஏன்? (வாசகர், திருச்சி)

பதில்: உங்கள் இரண்டு கேள்விக்கும் விடை ஒன்றுதான்: காய்ச்சாததால்தான் கெட்டியாக வரவில்லை. பாஸ்டுரைசேஷன் என்பது சுமார் 72 டிகிரியில் 15 விநாடி. நோய்க்கிருமிகளை ஒழிக்க அது போதும், தயிரின் கெட்டித்தன்மைக்குப் போதாது. பாலில் கேசீன் என்ற புரதம் இருக்கிறது. புளிப்பு ஏறி பிஹெச் அளவு (புளிப்பு ஏற ஏற இறங்கும் எண்) 4.6ஐ நெருங்கும்போது அதுதான் வலைபோலப் பின்னிக்கொண்டு தயிராகிறது. இதைத் தவிர, தெளிநீரோடு போய்விடுகிற வேறு புரதங்களும் பாலில் உண்டு. 85 டிகிரிக்கு மேல் சில நிமிடங்கள் சூடு தாங்கினால் இவை உருமாறிக் கேசீனோடு ஒட்டிக்கொள்ளும். வலையின் கண்கள் நெருக்கமாகும், நீரைப் பிடித்து வைக்கும். நம் வீடுகளில் தயிருக்கென்று பாலைச் சுண்டக் காய்ச்சும் பழக்கம் இந்த வேலையையும் சேர்த்தே செய்கிறது, அதை மெஷின் வந்தது என்று விட்டுவிடாதீர்கள்.

ஒரு லிட்டர் பால் பொங்கி வந்ததும் அடுப்பைச் சிம்மில் வைத்து, அடி பிடிக்காமல் கிளறிக்கொண்டு 10 நிமிடம் விடுங்கள். பிறகு பாத்திரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி 43 டிகிரிக்கு ஆற்றுங்கள். தெர்மாமீட்டர் இல்லையென்றால், கழுவிய சுண்டுவிரலை விட்டு நிதானமாகப் பத்து எண்ணும்வரை சுடுகிறதே தவிர எடுக்கத் தோன்றக் கூடாது. கப்பில் ஊற்றப் போகிறீர்கள் என்பதால் ஆடையை வடிகட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு கப்பில் ஏடும் இன்னொன்றில் வெறும் பாலுமாகப் போகும்.

உறைக்கு, கடையில் வாங்கிய இனிப்பில்லாத புதுத் தயிர் என்றால் லிட்டருக்கு 2 டேபிள்ஸ்பூன். வீட்டுத் தயிர் என்றால் 2 டீஸ்பூன். அரை டம்ளர் பாலில் கட்டியில்லாமல் கரைத்து, பிறகு மொத்தப் பாலில் கலக்குங்கள். உறை அதிகம் போட்டால் தயிர் கெட்டிப்படும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு: சீக்கிரமே புளித்து, திரிதிரியாகி, நீர் விடும்.

பாலின் கொழுப்பும் முக்கியம். டோன்டு பாலில் 3 சதவீதம், ஸ்டாண்டர்டைஸ்டு பாலில் 4.5, ஃபுல் க்ரீம் பாலில் 6 சதவீதம். டோன்டு பால்தான் வாங்குவீர்கள் என்றால், காய்ச்சும் முன்பே லிட்டருக்கு 30 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடரைக் கரைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் கரண்டியிலேயே தெரியும்.

கேள்வி: மெஷினில் வைத்த தயிர் கொழகொழவென்று நூல் விடுகிறது. சாப்பிடலாமா? (வாசகி, குன்னூர்)

பதில்: உறையில் இருக்கும் சில நுண்ணுயிர்கள் பிசின்போன்ற ஒரு பொருளை உண்டாக்குகின்றன, அதுதான் நூல். குறைந்த சூட்டில் மெதுவாக உறையும்போது இது கூடும். குளிர்ந்த ஊரில் மெஷின் 35 டிகிரியைத் தாண்டாமல் இருக்கலாம், அளந்து பாருங்கள். மணம் சரியாக இருந்து நூல் மட்டும் விட்டால் உடம்புக்குக் கெடுதல் இல்லை, மோர்க்குழம்புக்கு எடுத்துக்கொள்ளலாம். இளஞ்சிவப்பு நிறமோ பூசணமோ துர்நாற்றமோ இருந்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். எப்படியானாலும் அந்தத் தயிரிலிருந்து மறுபடி உறை எடுக்க வேண்டாம். கப்புகளையும் மூடிகளையும் கொதிநீரில் போட்டு எடுத்து, புது உறையோடு தொடங்குங்கள். கப்பு மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவ மறந்துவிடுகிறார்கள், பழைய தயிர் ஒளிந்திருக்கும் இடம் அது.

கேள்வி: வீட்டில் தலைமுறையாக வரும் உறைமோரை மெஷினில் போடலாமா? ருசி மாறுகிறதே? (வாசகி, கும்பகோணம்)

பதில்: போடலாம், ருசி மாறவும் செய்யும். வீட்டு உறையில் பல இனங்கள் கலந்திருக்கும். அறைச் சூட்டில், 30 டிகிரியில் செழிப்பவையும் அவற்றில் உண்டு. 43 டிகிரியில் அவை நலிந்து, சூடு விரும்பும் இனங்கள் மேலோங்கிவிடும். அந்த இனங்களில் ஒன்றான பல்கேரிகஸை 1905இல் பல்கேரியரான ஸ்டாமென் கிரிகோரோவ் கண்டறிந்தார். யோகர்ட்டின் கூர்மையான புளிப்பு அதனுடையது. நாலைந்து சுற்றில் உங்கள் வீட்டுத் தயிரின் மென்மை போய்விடும். அந்த உறை போற்றத்தக்கது. ஒரு சிறு கிண்ணத்தில் அதைத் தனியாக, மெஷினுக்கு வெளியே வழக்கம்போல உறைய வைத்துக் காப்பாற்றி வாருங்கள்.

கேள்வி: மகள் அமெரிக்காவிலிருந்து தயிர் மேக்கர் கொண்டுவந்தாள். பின்னை மாற்றினால் போதுமா? (வாசகர், மதுரை)

பதில்: அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். ‘100–240 வோல்ட்’ என்றிருந்தால் பின்னை மாற்றினால் போதும். ‘120 வோல்ட்’ என்று மட்டும் இருந்தால் செருகவே செருகாதீர்கள். நம் 230 வோல்ட்டில் 20 வாட் கருவி 70 வாட்டுக்கு மேல் இழுக்கும், சூட்டுத் தட்டு எரிந்துபோகும். 230ஐ 110 ஆக இறக்கும் சிறிய ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர், 100 வாட் அளவில், எலெக்ட்ரிகல் கடையில் கேளுங்கள். மணிக்கணக்கில் ஓட வேண்டிய கருவி என்று சொல்லி, கம்பி சுற்றிய கனமான வகையாகவே வாங்குங்கள்.

கேள்வி: தேங்காய்ப்பாலில் தயிர் உறையுமா? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: புளிக்கும், கட்டியாகாது. கேசீன் இல்லை. ஸ்டார்ச் சேர்த்துக் காய்ச்சினால் ஓரளவு கெட்டிப்படும். பால் வேண்டாம் என்பவர்களுக்குச் சோயா பாலே பொருத்தம், அதன் புரதம் புளிப்பில் உறையக்கூடியது.

கேள்வி: நடுவில் கரண்ட் போனால்? (வாசகர், தருமபுரி)

பதில்: மூடியைத் திறக்காதீர்கள், மெஷினை அசைக்கவும் வேண்டாம். மேலே ஒரு கனத்த துண்டைப் போட்டு மூடுங்கள். உறைய ஆரம்பித்துவிட்ட பால் 30 டிகிரியிலும் மெதுவாகத் தொடரும், நின்ற நேரத்தை மட்டும் கூட்டிக்கொள்ளுங்கள். கரண்ட் வந்ததும் துண்டை எடுத்துவிட மறக்க வேண்டாம். டைமர் உள்ள மாடல் என்றால் அது பூஜ்யத்துக்குப் போயிருக்கும், மறுபடி 8 மணி நேரத்துக்கு வைத்துவிட்டுத் தூங்கிவிடாதீர்கள்.