‘ட்ரை’ இருந்த இடத்தில் ‘ஏரிட்’ போடலாமா?

கேள்வி: குடியாத்தம் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் புன்செய் இருக்கிறது. மல்லாட்டை (நிலக்கடலை) போட வங்கியில் பயிர்க்கடன் கேட்டு ஆங்கிலத்தில் கடிதம் தயார் செய்தோம். மகள் ‘ட்ரை லேண்ட்’ என்று எழுதியிருந்தாள். மனு எழுதிக் கொடுப்பவர் அதை ‘ஏரிட் லேண்ட்’ என்று மாற்றி, இதுதான் உயர்ந்த ஆங்கிலம் என்கிறார். இரண்டும் ஒன்றா? போரடிக்கும் பேச்சுக்குக்கூட ‘ஏரிட்’ வரும் என்று மகள் சொல்கிறாளே, அது சரியா?

பதில்: இரண்டும் ஒன்றல்ல. மகள் எழுதியதுதான் சரி, அதையே கொடுங்கள்.

நம் வருவாய்க் கணக்கில் நன்செய்க்கு ‘வெட்’, புன்செய்க்கு ‘ட்ரை’. அங்கே ‘ட்ரை’ என்பது நிலத்தின் வகை. மழையை நம்பி மல்லாட்டையோ கேழ்வரகோ போடும் காட்டுக்கும் அதுதான் பெயர். ‘ஏரிட்’ என்றால் மழை போதாமல் செடிகொடி பிடிக்காத வறண்ட பூமி. உங்கள் அடங்கலில், அதாவது கிராமப் பயிர்க் கணக்கில், மல்லாட்டை என்று இருக்கும், கடிதத்தில் ஒன்றும் விளையாத நிலம் என்று இருக்கும். மேலாளர் எதை நம்புவார்?

தமிழில் யோசித்தால் இது எளிது. துணி காய்கிறது, திராட்சை உலர்கிறது, நிலம் வறள்கிறது. ஆங்கில ‘ட்ரை’ இந்த மூன்றுக்கும் வரும். ‘ஏரிட்’ வறண்டதற்கு மட்டும்தான், அதிலும் நிலம், தட்பவெப்பம் போன்றவற்றுக்கு. துணியை ‘ஏரிட்’ என்று சொல்ல முடியாது. வறட்டு இருமலில் ‘வறட்டு’ இருந்தாலும் அது ‘ட்ரை காஃப்’தான். உச்சரிப்பில் முதல் எழுத்தை அழுத்துங்கள். ‘அரைட்’ அல்ல.

ஒரு விலக்கு உண்டு, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மனு எழுதுபவர் இதைத்தான் ஆதாரமாகக் காட்டுவார். ‘செமி ஏரிட்’ என்று ஒரு சொல் இருக்கிறது. பாதி வறண்ட பகுதி என்று பொருள். தமிழ்நாட்டின் உள்மாவட்டங்கள் பலவற்றை ஆய்வுக் கட்டுரைகளில் அப்படி எழுதுவதுண்டு. 1972-ல் ஐதராபாத் அருகே பட்டன்செருவில் தொடங்கிய இக்ரிசாட் என்ற பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் முழுப் பெயரிலேயே ‘செமி ஏரிட்’ இருக்கிறது. சோளம், கம்பு, நிலக்கடலை எல்லாம் அவர்கள் ஆராயும் பயிர்கள். ஆக, செமி ஏரிட் பூமியில் வெள்ளாமை உண்டு. வெறும் ‘ஏரிட்’ வேண்டுமென்றால் ராஜஸ்தானுக்குப் போக வேண்டும். 1959 முதல் ஜோத்பூரில் இருக்கும் மத்திய வறண்ட நில ஆராய்ச்சி நிறுவனத்தின் பெயரில் அது வருகிறது. ஜெய்சால்மர் பக்கம் ஆண்டு மழை 200 மில்லிமீட்டரை ஒட்டித்தான். வேலூர்ப் பக்கம் 900-ஐ ஒட்டி. பாலாறு வருடத்தில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கலாம், அதற்காக நம் ஊர் பாலைவனம் ஆகிவிடாது. அந்த ‘செமி’யை விழுங்கிவிட்டு எழுதினால் உங்கள் நிலத்தையே மாற்றி எழுதியதாகிவிடும்.

மகள் சொன்னதும் சரிதான். உயிரோட்டமோ பயனோ இல்லாத விவாதம், எழுத்து, ஒரு காலகட்டம் இவற்றுக்கு ‘ஏரிட்’ வரும். நாம் வறட்டு வாதம் என்கிறோமே, ஏறக்குறைய அது. ஆனால் கடுமையான சொல். ஆசிரியரின் வகுப்பைப் பற்றி அப்படி எழுதினால் அதில் ஒன்றுமே இல்லை என்று சொன்னதாக ஆகும். ‘ட்ரை ஹ்யூமர்’ வேறு: முகத்தில் சிரிப்பே காட்டாமல் சொல்லும் நகைச்சுவை. அங்கே ‘ஏரிட்’ நுழையாது. மதுக்கடை மூடும் ‘ட்ரை டே’யிலும் நுழையாது.

எனக்குக் கோபம் இந்தச் சொல் மேல் இல்லை. ஒரு சொல்லுக்கு எதிரே இன்னொன்றைக் கோடு போட்டு இணைத்தால் மதிப்பெண் என்று பழக்கிவிட்ட தேர்வு முறை மேல்தான். அந்தப் பட்டியலைத்தான் பயிற்சி மையங்கள் புத்தகமாக விற்கின்றன, மனு எழுதுபவரும் அதைத்தான் வைத்திருக்கிறார். பெரிய சொல் போட்டால் காசு கூடக் கேட்கலாம் என்பது அவர் கணக்கு. தமிழை ஆட்சிமொழியாக்கிய சட்டம் 1956-லேயே வந்துவிட்டது, இன்னும் விவசாயி ஆங்கிலத்தில் மனு எழுத ஆள் தேடி அலைகிறார்! உங்கள் கிளையில் தமிழில் கொடுக்கலாமா என்று முதலில் கேளுங்கள். ஆங்கிலம்தான் வேண்டும் என்றால் மகளின் வரியில் சர்வே எண்ணையும் ஏக்கரையும் மட்டும் சேர்த்து, பட்டா நகலோடு கொடுங்கள். திருத்தியதற்கு அவர் தனியாகக் காசு கேட்டால் தராதீர்கள்.