யாரை நம்பி அந்த வகுப்பை விட்டுப் போவீர்கள்?

கேள்வி: எனக்கு 34 வயது. மல்லாவியில் இருக்கிறோம். வெளிவாரியாகப் பி.ஏ. முடித்திருக்கிறேன், புவியியல் என் பாடம். கிளிநொச்சியில் ஒரு லீசிங் கம்பனியில் வேலை. ஆசிரியராக வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. வேலையை விட்டுவிட்டுப் பட்டப்பின் கல்வி டிப்ளோமா படிப்பதா, வேலையோடு படிப்பதா? மகள் தரம் 8. அவளுடைய கணக்கு ரீச்சர் தை மாதம் மாற்றலாகிப் போனார், இன்னும் ஆள் வரவில்லை. அதனால் பின்னேரம் அவளையும் நான்தான் இருத்திப் படிப்பிக்க வேண்டும். நியமனம் கிடைத்தால் நாலைந்து வருடத்தில் யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் எடுத்துவிடலாம் என்கிறார் கணவர்.

பதில்: தங்கச்சி, உங்கள் கடைசி வசனத்தையும் மகளின் ரீச்சரைப் பற்றி எழுதியதையும் சேர்த்து ஒருமுறை வாசியுங்கள். உங்கள் மகளை விட்டுப் போன அந்த ரீச்சரும் நியமனம் எடுத்த நாளில் இப்படித்தானே கணக்குப் போட்டிருப்பார்?

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வருடக்கணக்காகப் பஸ்ஸில் அலைந்து படிப்பிப்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அவர்களுடைய தாய் தகப்பன், பிள்ளைகள் எல்லாரும் அங்கே. மாற்றம் கேட்பார்கள்தான். உங்களுக்கு என்ன வந்தது? உங்கள் வீடு மல்லாவியில். உங்கள் துணுக்காய் கல்வி வலயத்துப் பிள்ளைகளை ஊர்க்காரியே ஒரு படிக்கட்டாக நினைத்தால், வெளியூர்க்காரரிடம் என்ன நியாயம் கேட்பது? 2009இல், போரில் இடம்பெயர்ந்தவர்களை அடைத்து வைத்த செட்டிகுளம் முகாம்களுக்குள் பரீட்சை எழுதிய பிள்ளைகளின் வயதுதான் உங்களுக்கும். அங்கே அவர்களுக்குப் படிப்பித்தவர்களும் எல்லாவற்றையும் இழந்து அதே கம்பிவேலிக்குள் இருந்த ஆசிரியர்கள்தான். அதை வன்னியில் பிறந்த ஒருவருக்கு நான் சொல்ல வேண்டியிருப்பது எனக்குக் கோபமாகத்தான் இருக்கிறது.

சரி, கேட்டதற்கு வருகிறேன். வேலையை விட வேண்டாம். டிப்ளோமா கையில் இருந்தால் நியமனம் தானாக வரும் என்று நினைக்காதீர்கள். பட்டதாரிகளை மாகாணம் போட்டிப் பரீட்சை வைத்துத்தான் எடுக்கிறது. உள்ளே போன பிறகு டிப்ளோமா முடித்தவர்கள் ஏராளம். உங்களுக்கு அவசரம் வயதுதான். விண்ணப்பம் கோரும் அறிவித்தலில் வயதெல்லை போட்டிருப்பார்கள். ஒரு முறை தவறவிட்டால் அடுத்த அறிவித்தல் வரும்போது அந்த எல்லையைத் தாண்டியிருக்கவும் கூடும். வர்த்தமானியையும் மாகாண அறிவித்தல்களையும் தவறாமல் பாருங்கள், பரீட்சைக்கு இன்றே படிக்கத் தொடங்குங்கள். கல்வியியற் கல்லூரி உங்களுக்குச் சரிவராது. அது உயர்தரம் முடித்து வரும் பிள்ளைகளுக்கான மூன்று வருடப் படிப்பு, அதில் இரண்டு வருடம் விடுதி வாசம்.

டிப்ளோமாவையும் இப்போதே தொடங்க விரும்பினால் திறந்த பல்கலைக்கழகத்தில் விசாரியுங்கள். தொலைக்கல்வி என்பதால் பாடங்களை வேலையோடு சமாளிக்கலாம். இடிக்கும் இடம் கற்பித்தல் பயிற்சி. அதை ஞாயிற்றுக்கிழமை செய்ய முடியாது. பாடசாலை நடக்கும் நேரத்தில், உண்மையான வகுப்பில், மேற்பார்வைக்கு வருபவர் பின்வாங்கில் இருந்து பார்க்க, நீங்கள் படிப்பிக்க வேண்டும். லீசிங் கம்பனியில் மாத முடிவில் அதற்கு லீவு தருவார்களா? ஆகவே இந்த வருட லீவைக் கோயில் திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் கரைக்காமல் சேர்த்து வையுங்கள், சொந்தக்காரர் கோபித்தாலும் பரவாயில்லை.

அப்புறம், இருட்டிய பிறகு வீடு வந்து சமைத்து, மகளையும் இருத்திப் படிப்பித்துவிட்டுப் புத்தகம் எடுத்தால் அரைமணித்தியாலத்தில் நித்திரை வந்துவிடும். இடமாற்றத்தைப் பற்றி நாலைந்து வருடத்துக்கு முன்கூட்டியே யோசிக்கத் தெரிந்த கணவர், நாளை இரவுச் சமையலைப் பற்றியும் யோசிக்கட்டும். மகளின் கணக்குக் கொப்பியையும் அவரே எடுத்துப் பார்க்கட்டும். அது தாய்க்கு மட்டும் எழுதிவைத்த கடமை இல்லை. பரீட்சை முடியும்வரை பின்னேரங்கள் உங்களுக்கு வேண்டும் என்று இன்றைக்கே அவரிடம் சொல்லுங்கள்.