கண்டிப்பான கிறிஸ்தவக் கல்லூரிக்கு இந்து வீட்டுப் பெண்ணை அனுப்பலாமா?

கேள்வி: நாங்கள் தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் பீனிக்ஸில் இருக்கிறோம், இந்துக் குடும்பம். மகளுக்கு ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையார் நடத்தும் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைத்திருக்கிறது. கட்டுப்பாடு ரொம்ப அதிகம் என்கிறார்கள். அங்கே மாணவர் வாழ்க்கை எப்படி இருக்கும்? மதம் மாற்றிவிடுவார்களா?

அக்கா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான் என்று தெரிகிறது.

அழைப்பார்கள். வேதப் படிப்புக்கு வா, ஜெபக் கூட்டத்துக்கு வா என்று அன்பாக, விடாமல் அழைப்பார்கள். கட்டாயப்படுத்த மாட்டார்கள். அந்தச் சபையில் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கிடையாது. விவரம் தெரிந்த வயதில் படித்து, புரிந்துகொண்டு, சபைக்கு முன்னால் நின்று ஒப்புக்கொண்ட பிறகுதான் தண்ணீரில் முழுக்குவார்கள். தெரியாத்தனமாக மாறிவிடுவதற்கு வழியில்லை. ஆனால் மனசார மாறுகிறவர்கள் உண்டு. என்னோடு படித்த ஒரு தமிழ்ப் பெண் மாறினாள், இன்றும் அதில் உறுதியாக இருக்கிறாள். அப்படி ஒன்று நடந்தால் தாங்க மாட்டீர்கள் என்றால் அனுப்பாதீர்கள். ஆனால் டர்பனில் இருந்துகொண்டு இதற்குப் பயப்படுவது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ரோலண்ட்ஸ் பாஸ்டர் 1930களில் கட்டியெழுப்பிய பெதஸ்தா சபைக்கு நம் தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் எத்தனை போயின! எங்கள் வீட்டிலேயே பெரியம்மா பெதஸ்தா, அம்மா மாரியம்மன். தீபாவளிக்குப் பலகாரத் தட்டு போகும், கிறிஸ்துமஸுக்குத் தட்டு திரும்பி வரும்.

சரி, இப்போது வாழ்க்கை. நான் டர்பன் சாட்ஸ்வர்த்தில் வளர்ந்தவள், படித்தது கேப் டவுன் பக்கம், அதே சபையாரிடம். மற்றவர்கள் சொல்லும் 'கண்டிப்பு' ஒரு பக்கம், நான் உணர்ந்த கண்டிப்பு வேறு பக்கம். குடி இல்லை, சிகரெட் இல்லை, மாமிசம் இல்லை, ஆண் பெண் விடுதிகள் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில்கூட இல்லை. இதையெல்லாம் கேட்டு என் அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். கல்லூரிக் கையேட்டைப் பக்கத்து வீட்டு அக்காவுக்கெல்லாம் வாசித்துக் காட்டினார். புரட்டாசி முழுக்க வீட்டில் மீன்கூட ஏறாமல் வளர்ந்த பிள்ளைக்கு சைவச் சாப்பாடு ஒரு தண்டனையா என்ன?

சாப்பாட்டில் என்னை வாட்டியது மாமிசம் இல்லாதது அல்ல, காரம் இல்லாதது. அந்தச் சபையின் முன்னோடி எலன் ஒயிட் அம்மையார் மிளகு, கடுகு, மசாலாவெல்லாம் உடம்புக்கு ஆகாது என்று எழுதிவைத்துவிட்டுப் போனவர். சோயா, பயறு, அவித்த பீன்ஸ் எல்லாம் தட்டில் வெள்ளந்தியாக வந்து உட்காரும். அம்மா பழைய ஜாம் பாட்டிலில் அடைத்து அனுப்பிய மதர்-இன்-லா மசாலாவை மடியில் மறைத்துக்கொண்டு போய்த் தூவிக்கொள்வேன். யாரும் திட்டவில்லை. சாம்பியாவிலிருந்து வந்த என் அறைத்தோழிதான் ஒரு நாள் சுவைத்துப் பார்த்துவிட்டு, மறுநாள் முதல் பங்கு கேட்க ஆரம்பித்தாள். டீ, காப்பியும் கிடையாது, ரூய்பொஸ் என்ற மூலிகைக் கஷாயம்தான். அதில் காஃபின் இல்லை என்பதால் அனுமதி. விடிந்ததும் ஏலக்காய் டீ குடித்துப் பழகிய வீட்டுப் பெண்ணுக்கு முதல் மாதம் தலைவலி வரும், சொல்லிவையுங்கள்.

நகைதான் வீட்டில் சண்டையைக் கிளப்பும். பெண்கள் பொன்னாலும் முத்தாலும் தங்களை அலங்கரிக்க வேண்டாம் என்று முதலாம் தீமோத்தேயு இரண்டாம் அதிகாரத்தில் வருகிறது. அதை வைத்துத் தோடு, வளையல், சங்கிலி எல்லாம் கூடாது என்பது பழைய வழக்கம். இப்போது சில இடங்களில் தளர்ந்திருக்கிறது. என் காலத்தில் தோட்டைக் கழற்றினேன். விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது ஆயா என் மூளிக் காதைப் பார்த்தார், பார்த்த இடத்திலேயே ஒப்பாரி வைக்காத குறை. உங்கள் மகள் மூக்குத்தி போட்டவளாக இருந்தால் இதைக் கட்டாயம் முன்கூட்டியே கேளுங்கள். டர்பன் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் மூக்குத்தி போட்ட தமிழ்ப் பெண்ணின் வழக்கு நினைவிருக்கும். 2007 அக்டோபரில் அரசியலமைப்பு நீதிமன்றம் அவள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மதம் கட்டாயமாகச் சொல்லாவிட்டாலும், அவள் விரும்பிப் பின்பற்றும் பண்பாட்டு வழக்கத்துக்கும் பள்ளி இடம் கொடுக்க வேண்டும் என்றது. தீர்ப்பு வருவதற்குள் பிள்ளை பள்ளிப் படிப்பையே முடித்துவிட்டாள் என்பது வேறு விஷயம். அது அரசுப் பள்ளி. பணமும் கட்டி, கையேட்டில் கையெழுத்தும் போட்டுச் சேருகிற இடத்தில் வழக்குக்கு அலைவதைவிட முதலிலேயே ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேட்டுவிடுவது மேல்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை.

அவர்களுக்கு ஓய்வு நாள் வெள்ளி சூரியன் மறையும்போது தொடங்கி, சனி சூரியன் மறையும்போது முடியும். கடிகாரம் பார்த்து அல்ல, சூரியனைப் பார்த்து. அதனால் கேப்பில் ஜூன் மாதம் மாலை ஐந்தே முக்காலுக்கே வாரம் முடிந்துவிடும், டிசம்பரில் எட்டு மணி வரை நேரம் இருக்கும். அந்த வாரத்து அஸ்தமன நேரத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருப்பார்கள். குளிர்கால வெள்ளி மதியம் எங்கள் விடுதியைப் பார்த்திருக்க வேண்டும்! தோய்த்த துணி காயவில்லை, இஸ்திரிப் பெட்டிக்கு வரிசை நிற்கிறது, ஒருத்தி ஈரப் பாவாடையையே இஸ்திரி போட்டு ஆவி பறக்க விடுகிறாள், வெளியே ஒருத்தி 'இன்னும் இருபது நிமிஷம்' என்று கத்துகிறாள். அப்புறம் மணி அடிக்கும். சலவை அறைக்குப் பூட்டு, கணினி அறைக்குப் பூட்டு, நூலகத்துக்குப் பூட்டு. பாடப் புத்தகத்தைத் தொடக்கூடாது. திங்கட்கிழமை கணக்கியல் பரீட்சை இருந்தாலும் தொடக்கூடாது.

முதல் சில மாதங்கள் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பிறகு, சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த ஒரு நாளுக்காக வாரம் முழுக்கக் காத்திருந்தேன். பரீட்சைக் காலத்தில் நாடு முழுக்க மாணவர்கள் தூங்காமல் படித்துக்கொண்டிருக்கும்போது, 'படிக்காதே' என்று உத்தரவு போடும் இடம் வேறு எங்கே கிடைக்கும்? வீட்டில் வெள்ளி மாலை காமாட்சி விளக்கு ஏற்றுகிற அதே நேரத்தில் அங்கே ஆராதனை தொடங்கும். சாம்பியா, மலாவி, சுலு, கோசா பிள்ளைகள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே நான்கு குரலாகப் பிரிந்து பாடுவார்கள். பிரசங்கம் நடக்கையில் நான் தூங்கியிருக்கிறேன், பாட்டு நடக்கையில் ஒரு நாளும் தூங்கியதில்லை. சனி இருட்டியதும் விடுதியில் பாப்கார்ன் வாசனை வரும், வாலிபால் வலைக்கு மேல் விளக்கு எரியும், அதற்குப் பிறகுதான் எங்களுக்கு வார இறுதி. ஞாயிறு முழு வேலை நாள், நூலகம் நிரம்பி வழியும்.

எனக்குப் பிடிக்காமல் போனது ஒன்றுதான், வருகைக் கணக்கு. ஆராதனைக்கு வந்தாயா என்று அட்டையைத் தேய்த்துப் பதிவு செய்வார்கள், குறைந்தால் கூப்பிட்டு விசாரிப்பார்கள். உடுப்பு, சாப்பாடு, நேரம் இவற்றில் கட்டுப்பாடு போட்டால் பழகிக்கொள்ளலாம். ஜெபத்துக்கு வருகைப் பதிவேடு வைத்தால் பிள்ளைகள் உடம்பை மட்டும் கொண்டுவந்து பெஞ்சில் வைப்பார்கள். விசுவாசிகள் வீட்டுப் பிள்ளைகளே அப்படித்தான் கடைசி வரிசையில் உட்கார்ந்து போனை நோண்டுவார்கள். இந்துவான நான் முன்வரிசையில் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டிருந்தேன்.

நம் பண்டிகைகள் என்னவாகும் என்று கேட்பீர்கள். புனித வெள்ளிக்கு டர்பன் பக்கத்து இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போகாமல் எங்கள் வீட்டில் யாருக்கும் ஈஸ்டர் கிடையாது. கரும்புத் தோட்டக் காலத்தில் லீவு கிடைத்த நாளில் நம் முன்னோர் திருவிழாவை வைத்துக்கொண்டார்கள், அது அப்படியே நிலைத்துவிட்டது. எனக்கு இதில் சிக்கலே வரவில்லை. அட்வென்டிஸ்ட் சபை ஈஸ்டரைப் பெரிய திருநாளாகக் கொண்டாடுவதில்லை. அவர்களுக்கு வாரந்தோறும் வரும் ஓய்வு நாள்தான் பெரிது. விடுப்புத் தாளில் 'காரணம்' என்ற இடத்தில் 'குடும்ப வழிபாடு' என்று எழுதினேன். விடுதி டீன் எந்த வழிபாடு என்று கேட்டார், மறைக்காமல் சொன்னேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, பயணத்துக்காக ஜெபிக்கிறேன் என்றார். டர்பனுக்கு ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் பஸ் பயணம், ஜெபம் தேவைதான். தீபாவளிக்குத்தான் வர முடியாது. அக்டோபர், நவம்பர் பரீட்சை நேரம், அரசு விடுமுறையும் இல்லை.

'கட்டுப்பாடு' என்ற பேச்சு வந்தாலே எங்கள் பெரியப்பா சிரிப்பார். நிறவெறி அரசின் 1959 சட்டத்தால் இந்தியர்களுக்கென்று தனியாகக் கல்லூரி ஒதுக்கி, 1961இல் டர்பன் துறைமுகத்தில் இருக்கும் சாலிஸ்பரி தீவுக் கட்டடங்களில் அதைத் திறந்தார்கள். அவர் படகில் போய்ப் படித்தவர். நீ விரும்பிக் கையெழுத்துப் போட்ட சட்டமும், உன் தோலைப் பார்த்து உன்மேல் போட்ட சட்டமும் ஒன்றா என்பார். அவர் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. அதனாலேயே கையெழுத்துப் போடுமுன் வாசிக்க வேண்டும் என்கிறேன். அரசு நிறுவனத்தில் வழிபாடு நடந்தால் கலந்துகொள்வது அவரவர் விருப்பம் என்கிறது அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு. தனியார் நிறுவனம் தன் சொந்தச் செலவில் நடப்பது, அதன் கதை வேறு.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. அரசின் என்எஸ்எஃப்ஏஎஸ் என்ற மாணவர் நிதி உதவி தனியார் கல்லூரிகளுக்குக் கிடையாது, முழுக்கட்டணமும் உங்கள் தலையில். இன்னொன்று, நீங்கள் 'பல்கலைக்கழகம்' என்று எழுதியிருக்கிறீர்கள். நம் நாட்டில் அண்மைக்காலம் வரை தனியார் நிறுவனங்கள் அந்தப் பெயரை வைத்துக்கொள்ளச் சட்டம் விடவில்லை. கிறிஸ்தவம் என்று பெயரிலேயே வைத்திருந்த போட்செஃப்ஸ்ட்ரூம் பல்கலைக்கழகம்கூட அரசுப் பணத்தில் நடந்ததுதான், 2004இல் நார்த்-வெஸ்டோடு இணைந்தபோது அந்தப் பெயரும் போய்விட்டது. பெயர்ப்பலகை எப்படி இருந்தாலும் மகள் சேரப்போகும் குறிப்பிட்ட பட்டம் உயர்கல்வி மன்றத்தின் அங்கீகாரம் பெற்றதா, சாக்கா என்ற தகுதிச் சான்று ஆணையத்தின் பதிவில் இருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரிக்குப் பொதுவாக அங்கீகாரம் இருப்பது போதாது, அந்தப் பட்டத்துக்கு இருக்க வேண்டும்.

முடிந்தால் பணம் கட்டுமுன் ஒரு சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். அலுவலகம் பூட்டியிருக்கும், கட்டணம் பற்றி யாரும் பேச மாட்டார்கள், வந்தவர்களுக்குச் சாப்பாடு மட்டும் போடுவார்கள். மகளைப் பெண் பிள்ளைகளோடு உட்கார வைத்துவிட்டு நீங்கள் கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள். நீங்கள் பக்கத்தில் இருந்தால் அந்தப் பிள்ளைகள் உண்மையைப் பேச மாட்டார்கள்.